துரைக்கண்ணு வீட்டில் மட்டும் படி இல்லை

ஆவணி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே திரும்பிய பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள்: மாவிலிப்பட்டியில் இருக்கிற இருநூற்றுப் பதினாலு வீட்டிலும், ஓட்டு வீடு, மச்சு வீடு, அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு என்று ஒன்று பாக்கியில்லாமல், நடு வீட்டுத் தரையைப் பிளந்துகொண்டு கீழே ஒரு படிக்கட்டு இறங்கியிருந்தது. நேற்றுவரை வெறும் தரை, இன்றைக்குப் பதினோரு கருங்கல் படி. அலறினார்களா என்று கேட்டால், இல்லை. நாங்கள் சின்ன வெங்காயம் விளைவிக்கிற ஊர். எதைப் பார்த்தாலும் மூட்டை வைக்க இடம் இருக்கிறதா என்றுதான் கண் முதலில் தேடும். "ஏங்க, உள்ளாரயிருந்து சில்லுனு காத்து வருதுங்க, நாலு மூட்டை எறக்கிப் பாப்பமா?" என்று கடைசி வீட்டுப் பூங்கோதை தன் வீட்டுக்காரரை உலுக்கி எழுப்பினாளே, அதுதான் அந்த அதிசயத்தைப் பற்றி இந்த ஊர் பேசிய முதல் பேச்சு.

நான் தவமணி, இங்கே கிளை நூலகத்துக்குப் பொறுப்பு. பதினெட்டு வருஷமாகத் துரைக்கண்ணு அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன், கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல். ஏன் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் கொஞ்சம் காரமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் கிராம நிர்வாக அலுவலர் டேப்போடு வந்தார், கீழே இருக்கிற அறையை எந்தப் பட்டாவில் சேர்ப்பது என்று தெரியாமல் விழித்தார், என் வீட்டு மோரைக் குடித்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். மூன்றாம் நாள் என் வீட்டு ஓனரம்மா வந்து, உனக்கு வாடகைக்கு விட்டது மேல் வீடுதான், கீழ் வீடு என்னுது என்றார். "தாராளமா எடுத்துக்குங்க, ஆனா கீழ ஒருத்தி உக்காந்திருக்கா, அவளையும் சேத்து எடுத்துக்கணும்" என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

ஆமாம், முதல் மூட்டையை இறக்கும்போதே தெரிந்துவிட்டது, அந்த அறைகளில் ஏற்கெனவே ஆள் இருந்தது. யார் இறங்கினாலும் அவரவர் முகத்தோடு ஓர் ஆள். அச்சு அசல் அதே மூக்கு, அதே காது, ஆனால் குணம் மட்டும் தலைகீழ். இருபத்தாறு வருஷம் பிரம்பைக் கையிலிருந்து இறக்காத தலைமையாசிரியர் அந்தோணிசாமியின் கீழ் ஆள் விசில் அடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தான். எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிற பூசாரி வைத்தியின் கீழ் ஆள் வாயைத் திறந்தால் வண்டி வண்டியாகக் கெட்ட வார்த்தை. ஊரெல்லாம் சாப்பிட்ட பிறகு சட்டியைச் சுரண்டித் தின்கிற பூங்கோதையின் கீழ் ஆள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "ஒரு காப்பி போட்டாந்து குடேன்டி" என்று அதிகாரம் பண்ணினாள். என் கீழ் ஆள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று மட்டும் கேட்காதீர்கள். தலையில் கனகாம்பரம் வைத்திருந்தாள், அவ்வளவுதான் சொல்வேன்.

எதற்கும் பழகிக்கொள்கிற ஜனம்தானே நாம்! பதினைந்தே நாளில் பூங்கோதை தனக்குத்தானே காப்பி கொண்டுபோய்க் கொடுக்கப் பழகினாள், பூசாரி பூசைக்கு முன்னால் அரை மணி நேரம் கீழே போய் அவன் திட்டுவதையெல்லாம் கேட்டுவிட்டுத் தெளிந்த முகத்தோடு ஏறி வரப் பழகினார், கல்யாணத் தரகர்கள் "பையன் மேல தங்கமானவன், கீழ எப்படின்னு ஒரு நட எறங்கிப் பாத்துட்டு வந்துரலாம்" என்று பேசப் பழகினார்கள். ஒன்றுக்குத்தான் பழக முடியவில்லை. அறைக்கு அப்பாலும் படி இறங்கிற்று; இறங்கினால் ஒரே ஒரு கூடம், தூண் இல்லை, சுவர் இல்லை, மேலத்தெருப் படியும் காலனிப் படியும் அங்கேதான் வந்து முடிந்தன. மேலே ஒருத்தர் வீட்டுத் தண்ணீரை ஒருத்தர் குடிக்காதவர்கள் கீழே நேருக்கு நேர் நின்றார்கள். இரண்டு வாரம் ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பிறகு கழுத்து வலித்துவிட்டது.

அப்போதுதான் நூலகத்துக்குக் கூட்டம் வந்தது. பதினெட்டு வருஷத்தில் அப்படிக் கூட்டம் வந்ததே இல்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தப் படிக்கட்டைப் பற்றி எந்தப் புத்தகத்திலாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. அட்டையும் முதல் பதினாறு பக்கமும் கரையான் தின்றுவிட்ட ஒரு புத்தகம். எழுதியவர் பெயர் தெரியாது. ஏதோ குளிர்தேசத்தில், ஏரிக்கரையில் கல் வீடு கட்டிக்கொண்டு, மனசு உடைந்து வருகிறவர்களின் கனவுகளை நாள் முழுக்கக் காது கொடுத்துக் கேட்ட டாக்டர் என்பது மட்டும் உள்ளேயிருந்து தெரிந்தது. அவருக்கே ஒருநாள் கனவில் ஒரு வீடு வந்ததாம், இறங்க இறங்கக் கீழே இன்னொரு கட்டு, அதற்கும் கீழே இன்னொரு கட்டு. மனுஷனின் மனசும் அப்படிக் கட்டின வீடுதான் என்று முடிவு செய்தாராம். ஊர் அவருக்கு ஏரிக்கரை டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு நான் வாசிப்பேன், எல்லோரும் நூலக வாசலில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டே கேட்பார்கள்.

"எதையெல்லாம் இது நானில்லன்னு நாம தள்ளி விடறமோ, அது செத்துப்போறதில்லையாம். கீழ போயி நம்ம மூஞ்சியோட உக்காந்துக்குமாம்" என்று ஒருநாள் சொன்னேன்.

"கெட்டதுதானம்மா கீழ போவும்?" என்றார் தலைமையாசிரியர்.

"அப்படியில்ல சார். கல்லாட்டம் இருக்கணும்னு கங்கணம் கட்டிக்கிட்டவனுக்கு அவனோட எரக்கம்தான் கீழ கிடக்குமாம்."

"சரி தாயி, படிய மூடிப்புட்டா?" பூசாரி கேட்டார்.

"மூடினா அது அடுத்தவன் வீட்டு வழியா வருமாம். நம்ம கிட்ட இருக்கறதையே அடுத்தவன் மூஞ்சியில பாத்துட்டு நாம எரிச்சல்படுவமாம்."

தாள் அறுக்கிற சத்தம் நின்றது. அத்தனை பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். அந்தப் பக்கம்தான் துரைக்கண்ணு அண்ணன் வீடு.

துரைக்கண்ணு அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், வெங்காயம் உரித்தால் கண் கலங்காத ஒரே மனுஷன். சந்தையில் நூறு மூட்டையைக் கொட்டிப் புடைக்கும்போது ஊரே மூக்கை உறிஞ்சும், அவர் மட்டும் சிலை மாதிரி நிற்பார், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் தேன்மொழி, காலனிப் பையன் அறிவழகனோடு திருப்பூருக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டாள். செய்தி வந்ததும் இவர் கிணற்றடிக்குப் போய் இருபது குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, "எனக்கு மக இல்ல" என்று சொல்லிவிட்டு ஈர வேட்டியோடு வயலுக்குப் போய்விட்டார். அவர் சம்சாரம் மருதாயி அக்கா அன்றிலிருந்து அவரோடு பேசுவதில்லை. ஆனால் ஒரே வீட்டில் பேசாமல் குடித்தனம் நடத்த முடியுமா? அன்றைக்குப் பிறந்த ஒரு செவலைக் கன்று கொல்லையில் நின்றது. அதனிடம் சொல்லிவிடுவார்கள்.

"ஏ செவலை, சோறு வச்சாச்சு, ஆறிப்போவுதுன்னு சொல்லு."

"செவலை, கொழம்புல உப்பு கம்மின்னு சொல்லு."

"அவருக்கு இருக்கற வீம்புக்கு இந்த உப்பு போதும்னு சொல்லு செவலை."

இப்படியே கன்று பசுவாகிவிட்டது. பாவம், இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பியே அதற்குக் கழுத்து முறுக்கேறிவிட்டது.

படி வந்த செவ்வாய்க்கிழமை அந்த வீட்டிலும்தான் வந்தது. மருதாயி அக்கா வாசலிலிருந்து உள்ளே வருவதற்குள் துரைக்கண்ணு அண்ணன் விதை வெங்காய மூட்டைகளை இழுத்து அதன் மேல் அடுக்கிவிட்டார், முப்பத்திரண்டு மூட்டை. யார் கேட்டாலும், "எங்க வூட்ல படி கிடியெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். நாங்கள் வெங்காயக்காரர்கள், மூட்டை அடுக்கினால் எந்தக் கதவும் மூடிவிடும் என்று நினைப்போம். வெங்காயத்துக்கே மூச்சு விட இடம் வேண்டும் என்று மூங்கில் படல் கட்டிக் காற்றோட்டமாகச் சேமிப்புப் பட்டறை போடுகிற ஜனம், மனுஷ விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

புரட்டாசி பிறந்ததும் திருப்பூரிலிருந்து என் போனுக்கு அழைப்பு வந்தது. தேன்மொழிதான். ஒன்பதாம் மாசம். "அத்தை, தலப்பிரசவம் அம்மா வீட்லதான பாக்கணும்? அம்மாவ அப்பாகிட்ட கேக்கச் சொல்லுங்க. அப்பா வான்னு சொல்ல வேணாம், வராதன்னு சொல்லாம இருந்தாப் போதும்" என்றாள். போனை மருதாயி அக்காவிடம் கொடுத்தேன். அன்றைக்குக் கொல்லையில் அவள் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன்.

"செவலை, எம்மவ மாசமா இருக்கான்னு சொல்லு. நாலு வருஷமா நான் எதுவும் கேக்கல, இது ஒண்ணு கேக்கறன்னு சொல்லு. இந்த வாசப்படிய அவ ஏறலன்னா, நான் இந்த வாசப்படிய எறங்கிருவேன், திரும்ப மாட்டேன்னு சொல்லு."

பிறகு அண்ணனின் குரல், மண்வெட்டி கல்லில் பட்ட மாதிரி: "செவலை, இந்த வூட்ல மக யாரும் இல்லன்னு சொல்லு."

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பூங்கோதை வீட்டுக் கீழ்ப்படியிலிருந்து ஒருத்தர் ஏறி வந்தார். துரைக்கண்ணு அண்ணனின் முகம், அவருடைய அதே முன்பல் இடைவெளி, ஆனால் கண் இரண்டும் அழுது அழுது சிவந்திருந்தது. "ஆத்தா, எம்மவ வந்துட்டாளா?" என்று கேட்டார். இன்னும் வரவில்லை என்றதும் தலையை ஆட்டிக்கொண்டு, "தூளி கட்டணும், பழைய நூல் பொடவை ஒண்ணு இருந்தாக் குடு, துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆனதா" என்றார். பூங்கோதை தன் கல்யாணத்துக்கு மறுநாள் கட்டின புடவையை எடுத்துக் கொடுத்தாள், ஒரு வாய் ரசம் சோறும் போட்டாள். அப்புறம் பூசாரி வீட்டுப் படி, தலைமையாசிரியர் வீட்டுப் படி, காலனியில் அறிவழகனின் அம்மா சூசையம்மா வீட்டுப் படி. எங்கே ஏறி வந்தாலும் அதே கேள்வி, எம்மவ வந்துட்டாளா. அதே வேண்டுதல், ஒரு பழம்புடவை. சூசையம்மா கொடுத்த புடவையை அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம். என் வீட்டுக்கும் வந்தார். நான் கொடுத்த புடவையை யாரும் இதுவரை கட்டியதில்லை, எதற்கு வாங்கினேன் என்பதைச் சொல்வதாக இல்லை.

ஊர் அவரைப் பழகிக்கொண்டது, மிச்ச எல்லாவற்றையும் பழகிக்கொண்ட மாதிரியே. மத்தியானச் சோற்றில் ஒரு பிடி அதிகம் போட்டார்கள், கீழ்த்துரைக்கண்ணு வருவார் என்று. ஆனால் மேலே இருந்தவர் நாளுக்கு நாள் காய்ந்துகொண்டே போனார். சாப்பாட்டில் ருசியில்லை என்றார், வெயிலில் சூடில்லை என்றார். யாரைப் பார்த்தாலும் சண்டை: "என்னய்யா ஆயிப்போச்சு இந்த ஊருக்கு? எவனைப் பாத்தாலும் அழுவுணி மூஞ்சி! ஆம்பளைங்களாய்யா நீங்க?" நாங்கள் யாரும் அழவில்லை என்பதுதான் விசேஷம். ஒருநாள் டீக்கடை வாசலில் இரண்டு பேரும் எதிரெதிராக வந்துவிட்டார்கள். கீழ் ஆள் ஒதுங்கி வழி விட்டார். மேல் ஆள் முறைத்துப் பார்த்துவிட்டு, "எங்கியோ பாத்த மூஞ்சியா இருக்கு, யாருய்யா இந்தப் பிச்சைக்காரன்?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை, மத்தியானம் ஒரு மணிப் பேருந்தில் தேன்மொழி வந்து இறங்கினாள், அறிவழகன் தோளைப் பிடித்துக்கொண்டு. துறையூரிலேயே வலி எடுத்துவிட்டதாம், யாரிடமும் சொல்லவில்லை. இவள் அப்பன் மகள்தானே, பிடிவாதம் எங்கே போகும்! சுகாதாரச் செவிலியர் சகாயமேரி பார்த்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள், குழந்தைக்கு அவ்வளவு பொறுமை இல்லை என்றார் சகாயமேரி. மருதாயி அக்கா மகளைத் தாங்கிக்கொண்டு தன் வீட்டு வாசலுக்குப் போனாள். துரைக்கண்ணு அண்ணன் வாசற்படியில் குறுக்கே நின்றார். மகளைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்க்கவில்லை, தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்பா" என்றாள் தேன்மொழி.

அவர் உள்ளே போய் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அப்போது என் வீட்டு வாசலிலிருந்து ஒரு குரல்: "தேனு, இப்படி வா கண்ணு." அவள் திரும்பினாள். அதே முகம், அழுது சிவந்த கண், தோளில் ஒரு சுமை பழம்புடவை. "நம்ம வூட்டுக்குக் கீழயும் நம்ம வூடுதான். அங்க யாரும் உன்னை வராதன்னு சொல்லல" என்றார். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை, கையை நீட்டினாள். என் வீட்டுப் படியில் இறங்கினார்கள், கனகாம்பரக்காரி ஒதுங்கி வழி விட்டாள், எல்லாத் தெருவுக்கும் பொதுவான அந்தக் கூடத்தைக் கடந்தார்கள், தலைமையாசிரியரின் கீழ் ஆள் ஆடுவதை நிறுத்திவிட்டு விளக்குப் பிடித்தான், அங்கிருந்து ஏறினால் துரைக்கண்ணு வீட்டுக்கு நேர் கீழே இருக்கிற அறை. தரையில் மெத்தென்று புடவை விரித்திருந்தது. இடம் போதாது என்று சகாயமேரி விரட்டியதால் நானும் அறிவழகனும் மேலே வந்து அண்ணன் வீட்டு வாசலில் நின்றோம். அவன் உள்ளே கால் வைக்கவில்லை. கண் கலங்க நிலைப்படிக்கு வெளியே நின்றான்.

மூட்டைகளுக்கு அடியிலிருந்து தேன்மொழி கத்துவது கேட்டது. துரைக்கண்ணு அண்ணன் காதைப் பொத்திக்கொள்ளவில்லை, ஆனால் இரண்டு கையாலும் சாக்கின் காதைப் பிடித்துக்கொண்டார். பிறகு கீழேயிருந்து ஒரு பாட்டுச் சத்தம். தேன்மொழிக்கு மூன்று வயசில் அம்மை போட்டபோது பதினொரு நாள் வேப்பிலையால் வருடிக்கொண்டு இவர் பாடின பாட்டு. பாட்டு என்றா சொல்வது, ராகமும் கிடையாது ஒன்றும் கிடையாது, 'தேனு உறங்கு, தேங்காய் உறங்கு, தெருவிலே போற நாயும் உறங்கு' என்று வாய்க்கு வந்தது. அது கீழே பாடப்பட்டது, மேலே இவருடைய உதடு அசைந்தது.

"அப்பா, முடியலப்பா!"

"இதோ இருக்கேன் கண்ணு" என்று கீழே ஒரு குரல் சொன்னது. அதே நொடியில், அதே வார்த்தையை, அதே குரலில் இவர் வாயும் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து முதல் மூட்டையை இழுத்தார். சாக்கு கிழிந்து வெங்காயம் உருண்டது, ஒவ்வொன்றும் இருட்டிலேயே விரல் நீளத்துக்குப் பச்சையாக முளை விட்டிருந்தது. அடியில் இருந்தவை நசுங்கிக் காரம் வீடு முழுக்க ஏறிற்று. இரண்டாவது மூட்டை, மூன்றாவது மூட்டை. வயசு அறுபத்திரண்டு, மூச்சு வாங்கிற்று. வாசல் பக்கம் திரும்பி அவர் போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு அங்கியே நிக்கிற? வந்து ஒரு பக்கம் புடி மாப்ள!"

அறிவழகன் அந்த நிலைப்படியைத் தாண்டினதைத் தாண்டினான் என்று சொல்ல முடியாது, பாய்ந்தான். முப்பத்திரண்டு மூட்டையை இரண்டு பேரும் எத்தனை நேரத்தில் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் ஒப்பாரி வைக்காத குறையாக அழுதுகொண்டிருந்தேன். படி தெரிந்ததும் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

கீழே நடந்ததைச் சகாயமேரி சொல்லித்தான் தெரியும். "இவரு கடைசிப் படியில கால வச்சாரு, அவரு எழுந்து நின்னாரு, அப்புறம் பாத்தா ஒருத்தர்தான் இருந்தாரு. நான் புள்ளையப் பாக்கறதா, இவங்களப் பாக்கறதா?" என்பார், இப்போது கேட்டாலும்.

முதலில் குழந்தையின் அழுகை ஏறி வந்தது, பிறகு அண்ணன் ஏறி வந்தார். கையில் ஏழெட்டு வீட்டுப் புடவையில் சுற்றின பெண் குழந்தை. பின்னால் சகாயமேரியும் மருதாயி அக்காவும் தேன்மொழியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரே ஒரு துரைக்கண்ணுதான் வந்தார். எந்தத் துரைக்கண்ணு என்று யாரும் கேட்கவில்லை, கேட்பது மரியாதையும் இல்லை. கன்னம் இரண்டும் நனைந்து தாடியிலிருந்து சொட்டிற்று. "வெங்காயம் காந்துது" என்றார். "ஆமாண்ணே, நல்ல காரம்" என்றேன். தெருவில் ஆம்புலன்ஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது.

அவர் குழந்தையோடு கொல்லை வெளிச்சத்துக்கு நடந்தார். நின்றார். திரும்பினார்.

"மருதாயி," என்றார், "புள்ளைக்குக் கொஞ்சம் வெந்நி வையி."

வைக்கோல் தின்றுகொண்டிருந்த செவலை தலையைத் தூக்கி, சேதி சொல்ல, வழக்கம்போல மருதாயி அக்கா பக்கம் கழுத்தைத் திருப்பிற்று.

"நீ தின்னு," என்றாள் அக்கா அதனிடம், "எங்கிட்டதான் சொல்றாரு."